விஞ்ஞானச் சித்திரமும் அச்சுத் துணியும்

உருப்பெருக்கியின் அடியில் வைத்த ஒரு தாவரத் தண்டின் குறுக்குவெட்டையோ, படிகமொன்றின் உள்ளமைப்பைக் காட்டும் வரைபடத்தையோ, தொலைநோக்கி பிடித்துக் கொடுத்த நட்சத்திர மேகத்தையோ பார்த்த மாத்திரத்தில், ‘இதை அப்படியே துணியில் அச்சிட்டால் எவ்வளவு அழகாயிருக்கும்!’ என்று எண்ணாத சித்திரக்காரர் அபூர்வம். எண்ணியபடியே அச்சிட்டு, தைத்து, உடுத்திப் பார்த்த பின்பு, படத்தில் இருந்த அழகு துணியில் எங்கே போயிற்று என்று விளங்காமல் திகைத்தவர்களோ அநேகர். பூவும் கொடியும், கட்டமும் கோடும் பல தலைமுறைக் கைகளில் பழகிப் பழகித் துணிக்கு ஏற்ற உருவைத் தாமே அடைந்துவிட்டன. விஞ்ஞானச் சித்திரத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஓர் உண்மையை எடுத்துக்காட்டுவதற்காக, ஒரு தாளில், ஒரு தரம் பார்ப்பதற்கென்று உண்டானது அது. அதைக் கஜக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும்படி செய்து, மடித்துச் சுற்றி, நடந்து திரியும் ஒருவர் உடம்பின்மேல் போர்த்த வேண்டுமானால், அதில் எதைக் காப்பாற்ற வேண்டும், எதைத் தாராளமாக மாற்றலாம் என்பதை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வது அவசியம். என் அபிப்பிராயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: காப்பாற்ற வேண்டியது படத்தின் ஒழுங்கு; அதன் வர்ணம், அளவு, கோட்டின் தடிப்பு ஆகிய மற்றவை யாவும் சித்திரக்காரரின் இஷ்டத்துக்கு உரியவை.

இந்தக் காரியத்தைப் பெரிய அளவில் செய்து பார்த்தவர்கள் இங்கிலாந்தில் இருந்தார்கள். 1951-ஆம் வருஷம் லண்டனில், தேம்ஸ் நதியின் தென்கரையில், பிரிட்டன் விழா என்ற பெரும் பொருட்காட்சி நடந்தது. அதற்கு ஐந்து வருஷம் முன்பே, ஹெலன் மெகாவ் என்ற படிகவியல் அறிஞர், தம் ஆராய்ச்சியில் தினந்தோறும் கண்ணில் படுகிற அணு அமைப்பு வரைபடங்கள் துணிக்கும் சுவர்த்தாளுக்கும் உகந்தவை என்று வடிவமைப்பாளர்களுக்கு எழுதியிருந்தார். அப்போது அது காரியத்துக்கு வரவில்லை. பென்ஸீன் வளையம் தட்டையானது என்பதை நிலைநாட்டியவரும், ராயல் சொசைட்டியில் முதன்முதலாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட பெண்களுள் ஒருவருமான காத்லீன் லான்ஸ்டேல், 1949-இல் வடிவமைப்பாளர்களின் கூட்டமொன்றில் இத்தகைய படங்களைக் காட்டிப் பேசியபோதுதான், கைத்தொழில் வடிவமைப்புக் கவுன்சிலைச் சேர்ந்த மார்க் ஹார்ட்லண்ட் தாமஸ் அந்த யோசனையைப் பற்றிக்கொண்டார். அவர் 28 உற்பத்தியாளர்களை ஒன்றுதிரட்டி, மெகாவை விஞ்ஞான ஆலோசகராக அமர்த்தி, துணி, லேஸ், சுவர்த்தாள், பீங்கான், கண்ணாடி எனப் பலவகைப் பொருள்களிலும் படிக அமைப்புகளை ஏற்றினார். விழா மைதானத்து ரெகாட்டா உணவகத்தில் திரைச்சீலையும் தட்டும் சுவரும் இந்த அமைப்புகளாலேயே நிரம்பியிருந்தன.

அந்த வரைபடங்கள் எப்படிப்பட்டவை என்று தெரிந்துகொண்டால்தான் அவற்றிலிருந்து நாம் பாடம் கற்க முடியும். எக்ஸ் கதிர்களைப் படிகத்தின் ஊடே செலுத்தினால் அவை சிதறிப் புகைப்படத் தகட்டில் புள்ளிகளாக விழும். அந்தப் புள்ளிகளின் இருப்பிடத்தையும் அழுத்தத்தையும் அளந்து, நெடுங்கணக்குப் போட்டு, எலக்ட்ரான்கள் எங்கெங்கே அடர்ந்திருக்கின்றன என்று கண்டு, மலைநாட்டுப் படத்தில் சம உயரமுள்ள இடங்களைக் கோட்டால் இணைக்கிற அதே முறையில், சம அடர்த்தியுள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து வரைவார்கள். அணு இருக்கும் இடம் கோட்டுக்குள் கோடாகச் சூழ்ந்த சிகரமாகத் தோன்றும். அணுக்களுக்கு இடையே உள்ள வெளி தாழ்ந்த சமவெளியாகக் கிடக்கும். மெகாவ் இவற்றைத் திரட்டி, துணி வேலைக்கு ஏற்றபடி மறுபடி வரைந்து கொடுத்தார். அவர் தாமே ஆராய்ந்த அஃப்வில்லைட் என்ற தாது, கால்ஸியமும் சிலிக்காவும் நீரும் சேர்ந்தது, சிமெண்டுக்கு உறவானது; கண்ணுக்கு யாதொரு விசேஷமும் இல்லாத அந்தப் பொருளின் உள்ளமைப்பு, வார்னர் நிறுவனத்துக்காக மரியான் ஸ்ட்ராப் வடிவமைத்த ‘சர்ரே’ என்ற நெய்த திரைச்சீலையாகவும், பிரிட்டிஷ் செலனீஸ் நிறுவனத்தின் உடைத் துணியில் அச்சாகவும் உருவெடுத்தது.

இதில் இன்சுலின் படத்தின் கதை தனியே கவனிக்கத் தக்கது. இன்சுலின் மூலக்கூறின் அமைப்பை டாரதி ஹாட்ஜ்கின் கண்டு முடித்தது 1969-இல். அப்படியிருக்க, 1951-இல் சுவர்த்தாளில் அச்சான இன்சுலின் சித்திரம் எது? அணுக்கள் இருக்கும் இடங்களைக் காட்டாமல், ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தையும் திசையையும் மட்டும் தொகுத்துக் காட்டுகிற இடைக்காலப் படம் அது. பாட்டர்சன் படம் என்று அத்துறையினர் சொல்வார்கள். மூலக்கூறின் உருவமே அறியப்படாத காலத்தில் அதன் பெயரால் ஓர் அலங்காரம் செய்தது பொய்யா என்றால், இல்லை என்பதே என் பதில். படிகத்தில் எது எத்தனை தூரத்துக்கு ஒரு தரம் திரும்பி வருகிறது என்ற ஒழுங்கு அந்தப் படத்தில் பிசகில்லாமல் இருந்தது, துணிக்கு வேண்டியதும் அதுவே.

இவ்வளவு சிறப்போடு தொடங்கியும், விழா முடிந்த பின் இந்த அமைப்புகளில் பெரும்பாலானவை கடைத்தெருவில் நிலைக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அதே விழாவில் காட்டப்பட்ட லூசியன் டேயின் ‘காலிக்ஸ்’ என்ற அச்சுத்துணியோ, வெளியிட்ட ஹீல்ஸ் நிறுவனத்தாருக்கே ஆரம்பத்தில் நம்பிக்கை குறைவாக இருந்தும், மிலான் நகரக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்று, வருஷக்கணக்கில் விற்றது. ‘காலிக்ஸ்’ எந்த விஞ்ஞானப் படத்தின் பிரதியும் அல்ல. புல்லிவட்டத்தை நினைவூட்டும் கிண்ண உருக்களை மெல்லிய தண்டுகளில் ஏற்றி, பெரிதும் சிறிதுமாக, நடுவே நிறைய வெற்றிடம் விட்டு நிறுத்தியது. படிகத் துணிகளைப் பற்றிய என் கருத்து இதுதான்: அவற்றுள் பல, ஒழுங்கைக் காப்பாற்றின அவசரத்தில் ஓய்வைக் கொடுக்க மறந்தன. எல்லா இடமும் ஒரே அடர்த்தியாக இருந்தால் கண் எங்கே நின்று இளைப்பாறும்? ஆகவே, ஒழுங்கைக் காக்க வேண்டும் என்று முதலில் சொன்ன விதியோடு, அந்த ஒழுங்குக்குள்ளேயே வெற்றிடம் தேடவேண்டும் என்ற இரண்டாவது விதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி செய்முறைக்கு வருவோம். கையில் எடுத்த படத்தைப் பார்த்து முதலில் கேட்க வேண்டியது, இது தானே திரும்பி வருகிற படமா, தனியே நிற்கிற உருவமா என்பது. படிகம், தேன்கூடு போன்றவை தாமே திரும்பி வருகிறவை. அவற்றுள் மிகச் சிறிய முழுத் துண்டைக் கண்டுபிடித்துவிட்டால் வேலையில் பாதி முடிந்தது. படிகவியலார் அலகுக்கூடு என்பதும், அச்சுப் பட்டறைக்காரர் ரிப்பீட் என்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஒரு தளத்தை இப்படித் திரும்பத் திரும்ப நிரப்பும் சமச்சீர் வகைகள் மொத்தம் 17 என்று ருஷ்ய அறிஞர் ஃபெடரோவ் 1891-இல் நிறுவினார். அந்தப் பதினேழிலும் உருவைச் சுழற்றி வைப்பதென்றால் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு ஆகிய மடங்குகளிலேயே சுழற்றலாம். ஐந்து மடங்குச் சுழற்சிக்கு அங்கே இடமில்லை. நித்தியகல்யாணியின் ஐந்து இதழை ஓர் உருவாக வைத்துக்கொள்ளத் தடையில்லை. அதன் ஐந்து பக்கத்தையும் பற்றிக்கொண்டு இடைவெளியில்லாமல் துணி முழுவதும் பரப்ப முயன்றால் மட்டும், எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அது கூடி வராது.

விஞ்ஞானப் படங்களில் அடிக்கடி வருவது அறுகோண ஒழுங்கு. துணியில் அச்சிடும் ஸ்கிரீனோ நாற்கோணம். இவ்விரண்டையும் இசைப்பதில் பலர் தடுமாறுவதால், கணக்கை விரித்தே சொல்கிறேன். அறுகோண ஒழுங்கில் அடுத்தடுத்த இரண்டு உருக்களின் தூரத்தை ஒன்று என்று கொண்டால், ஒன்று அகலமும் 1.732 உயரமும் உள்ள ஒரு செவ்வகம் வரையலாம். அதன் நான்கு மூலைகளிலும் ஒவ்வோர் உருவும், நட்டநடுவில் ஓர் உருவும் அமையும். பட்டறையில் அரைப்படி தள்ளி வைக்கிற ரிப்பீட் என்று வழங்குவது இதுவே. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ரோட்டரி இயந்திரத்தின் வழக்கமான உருளை ஒரு சுற்றுக்கு 64 சென்டிமீட்டர் அச்சிடும். அதை நான்காகப் பிரித்துச் செவ்வகத்தின் உயரத்தை 16 என்று வைத்தால், அகலம் 9.24 சென்டிமீட்டர் வரும். அதை வசதிக்காக 8 என்றோ 10 என்றோ முழு எண்ணாக்கினால் அறுகோணம் நசுங்கிப்போய், படிகத்தை அறிந்தவருக்கு மாத்திரமல்ல, அறியாதவருக்கும் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றும்; ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசமோ ஒருவர் கண்ணிலும் படாது.

தனியே நிற்கிற உருவத்துக்கு மக்காச்சோளத் தண்டின் குறுக்குவெட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். பள்ளிக்கூட ஆய்வுக்கூடங்களிலேயே கிடைக்கிற இந்தச் சில்லு, சித்திரக்காரருக்கு ஒரு நிதி. வட்டமான வெட்டு முகத்தில் வாஸ்குலார் கற்றைகள் சிதறிக் கிடக்கும். ஓரத்தில் சிறியனவாய் நெருங்கியும், உள்ளே போகப் போகப் பெரியனவாய் விலகியும் இருக்கும். ஒரு கற்றையை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்: இரண்டு பெரிய சைலக் குழாய்கள் பக்கத்துக்கு ஒன்றாக உருண்டு நிற்க, அவற்றுக்குக் கீழே ஒரு வெற்றுக்குழி வாய்போலத் திறந்திருக்க, மேலே ஃபுளோயம் நெற்றியாக அமைந்து, சாட்சாத் ஒரு குரங்கு முகம் தெரியும். கண்ணாடிச் சில்லில் இது வேடிக்கை; துணியில் அச்சாகி வந்தால் ஆயிரம் முகங்கள் உடுத்தியவர் மேலிருந்து எதிரே நிற்பவரை வெறித்துப் பார்க்கும். உருவத்துக்குள் முகம் ஒளிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதை இந்த வேலையில் ஒரு கட்டாயமாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில், நாம் பார்க்காவிட்டாலும் வாங்க வருகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். இங்கே பரிகாரம் எளிது: கற்றைகளை ஒவ்வொரு கோணத்தில் சாய்த்து வைக்கலாம், இரு குழாய்களுக்கும் ஒரே வர்ணம் கொடுக்காமல் விடலாம், அல்லது கற்றையின் புறக்கோட்டை மட்டும் நிறுத்தி உள்ளே ஒரு புள்ளியோடு முடித்துவிடலாம்.

ஆனால் மாற்றக் கூடாதது ஒன்று இந்தத் தண்டில் இருக்கிறது. ஓரத்தில் நெருக்கமும் உள்ளே விரிவும் என்ற அந்த ஏற்பாடுதான் இதன் ஒழுங்கு. கற்றைகளைப் பொறுக்கி எடுத்துச் சம தூரத்தில் வரிசையாக நட்டுவிட்டால், மக்காச்சோளம் போய்ச் சாதாரணப் புட்டா மிஞ்சும். அந்த ஒழுங்கை அப்படியே ஒரு சேலைக்கு மாற்றிப் பாருங்கள்: கரையோரம் சிறு கற்றைகள் அடர்ந்து நிற்க, உடல் பகுதிக்கு ஏறும்போது அவை பெருத்து விலகி, நடுவில் தாராளமாக வெறுந்துணி கிடக்கும். கண்ணுக்கு வேண்டிய ஓய்வும் தானே வந்து சேர்ந்துவிட்டது. தண்டு காற்றில் முறியாமல் நிற்பதற்கு ஓரத்தின் உறுதி உதவுவதைப் போலவே கரைக்கு அழுத்தம் வேண்டும் என்பது நெசவாளர் நெடுநாளாக அறிந்த விஷயம்; இயற்கையின் ஏற்பாடும் நம் சேலையின் ஏற்பாடும் இங்கே ஒத்துப்போவதில் எனக்கு ஓர் அலாதியான சந்தோஷம்.

இப்படிச் சிதறிக் கிடக்கிற உருக்களுக்கு ரிப்பீட் செய்யும் பழைய முறையே இன்றும் நல்லது. சித்திரத்தை ஓரங்களைத் தொடாமல் வரைந்து, குறுக்கும் நெடுக்கும் நான்காக வெட்டி, மூலைகளை எதிர் மூலைகளாக மாற்றி ஒட்டினால், விட்ட இடம் நடுவில் சிலுவையாகத் தெரியும். அதை நிரப்பினால் ஓரங்கள் தாமே பொருந்தும். கணினியிலும் நடப்பது இதேதான். முடித்த பின், சிறிய அளவில் ஒன்பது பிரதி எடுத்து மும்மூன்றாக ஒட்டி, சுவரில் மாட்டி, அறையின் மறுகோடியிலிருந்து கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். குறுக்கே பட்டை விழுவதும், ஓரிடம் ஓட்டைபோல வெறிச்சிடுவதும் கிட்ட நின்று பார்க்கும்போது புலப்படா.

ஏர்ன்ஸ்ட் ஹெக்கல் 1899 முதல் 1904 வரை வெளியிட்ட நூறு சித்திரத் தகடுகளை நம் துறையில் நாடாதவர் இல்லை. ஹெக்கல் வரைந்த ரேடியோலேரியா என்ற நுண்ணுயிரின் கண்ணாடிக்கூடுகளைப் பார்த்துத்தான் ரெனே பினே 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் பொருட்காட்சியின் பிரதான வாயிலைக் கட்டினார். அவை முந்தானைக்கு உகந்தவை. ஓர் எச்சரிக்கை மட்டும்: ஹெக்கல் கண்டதைக் காட்டிலும் சமச்சீராக வரைகிறவர்; அவர் தகடுகள் ஏற்கெனவே அலங்காரம் ஆகிவிட்டவை. அலங்காரத்திலிருந்து மறுபடியும் அலங்காரம் செய்தால் ரசம் குறையும். கூடுமான வரையில் உருப்பெருக்கியில் நேரே பார்த்து வரைவதே மேல். நட்சத்திர மேகம் முதலிய எல்லையற்ற படங்களுக்கு ரிப்பீட் பொருந்தாது. ஒரு துப்பட்டா முழுவதையும் ஒரே படமாக டிஜிட்டலில் அச்சிடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உருவின் அளவைத் தீர்மானிப்பது தாளில் ஆகாது, உடம்பில்தான் ஆகும். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் கொசுவத்துக்குள் மடிந்து மறைவது போக, முழுமையாகக் கண்ணுக்குப் படுவது முந்தானையும், தோள்மேல் வரும் பகுதியும், பின்புறமுந்தான். கொசுவத்தில் விழும் உரு ஒரு சாணுக்கு மேற்பட்டால் துண்டு துண்டாக அறுபடும். அதையே முந்தானையில் வைத்தால் கம்பீரமாக விரியும். சட்டைத் துணிக்கு விரற்கடை அளவே போதும். படத்தை வேண்டிய அளவில் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பழைய துணியில் குத்தி, ஒருவரை உடுத்தச் சொல்லிப் பார்ப்பதைவிடச் சுலபமான பரீட்சை இல்லை.

கோடுகளைப் பற்றிக் கண்டிப்பாக இருக்க வேண்டும். எலக்ட்ரான் அடர்த்திப் படத்தில் ஒரு சிகரத்தைச் சுற்றி ஏழெட்டுக் கோடுகள் மயிரிழையாக நெருங்கியிருக்கும். ஸ்கிரீன் வைத்து மேஜையில் அச்சிடும்போது பசை பரவி அவை ஒன்றோடொன்று கலந்து, சிகரம் ஒரு கறையாகிவிடும். ஒன்றுவிட்டு ஒன்று எடுத்துவிட்டு, மிஞ்சியதைப் பருத்தியில் அரை மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பிலும், இடைவெளியை அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வைக்க வேண்டும். எந்தக் கோட்டை எடுக்கலாம் என்பதில் சுதந்திரம் உண்டு. ஒரு சிகரத்தில் எடுத்ததை எல்லாச் சிகரத்திலும் எடுக்க வேண்டும் என்பதில் சுதந்திரம் இல்லை, ஏனெனில் உயர்ந்த சிகரம் உயர்ந்ததாகவே தெரிய வேண்டும். டிஜிட்டலில் மெல்லிய கோடும் நிற்கும், வர்ணத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்ற செலவும் இல்லை; ஆயினும் துணிக்கு ஏற்ற மை முக்கியம். பருத்திக்கு ரியாக்டிவ், பாலியெஸ்டருக்கு டிஸ்பர்ஸ், பட்டுக்கு ஆசிட் சாயம். ரியாக்டிவ் அச்சில் துணிக்குக் காரமும் யூரியாவும் ஏற்றி, அச்சிட்டபின் நீராவி கொடுத்து அலச வேண்டும். பசைக்கு ஸ்டார்ச் ஆகாது, ஆல்ஜினேட்தான் ஆகும், ஸ்டார்ச் தானே சாயத்தோடு சேர்ந்துகொண்டு துணியை விறைக்கச் செய்துவிடும். விஞ்ஞானப் படங்களில் அடிக்கடி வரும் கரும்பின்னணியைப் பிக்மெண்டில் அப்பிவிடாதீர்கள். துணி தகரமாகும், உரசினால் வெளுக்கும். கருப்பாகச் சாயம் ஏற்றி, வேண்டிய இடத்தில் சாயத்தை நீக்கும் டிஸ்சார்ஜ் முறையில் உருவை வெளிப்படுத்துவதே உடுத்துவதற்கு இதமானது.

வர்ணத்தில் உங்களுக்கு உள்ள சுதந்திரம், விஞ்ஞானிகளே எடுத்துக்கொண்ட சுதந்திரம். திசுச் சில்லுகளில் காணும் ஊதா ஹிமடாக்ஸிலின் சாயத்தினுடையது, ரோஜா நிறம் இயோசினுடையது. தண்டின் சிவப்பு ஸாஃப்ரனினால் வந்தது. எலக்ட்ரான் உருப்பெருக்கியின் படத்தில் வர்ணமே கிடையாது, நாம் காணும் நிறமெல்லாம் பின்னால் ஏற்றியது. 1995-இல் ஹபிள் தொலைநோக்கி எடுத்து உலகப் பிரசித்தி பெற்ற நட்சத்திர மேகத் தூண்களின் படத்தில், கந்தகத்துக்குச் சிவப்பும் ஹைட்ரஜனுக்குப் பச்சையும் ஆக்ஸிஜனுக்கு நீலமும் ஒதுக்கி அமைத்தார்கள். எனவே, அரக்கும் மஞ்சளும் வேண்டுமென்றால் தயங்காமல் கொடுங்கள். பழைய ஊதாவையும் ரோஜாவையும் அப்படியே வைத்தால் துணி ஆஸ்பத்திரியை நினைவூட்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பிறர் எடுத்த படத்தைக் கையாளும்போது உரிமை விஷயத்தில் ஜாக்கிரதை வேண்டும். ஹெக்கல் 1919-இல் காலமானவர். அவர் தகடுகளுக்கு உரிமைத் தடை இல்லை. ஆய்விதழில் அச்சான படத்தைப் பிரதி செய்யாமல், அதிலுள்ள தகவலிலிருந்து நீங்களே புதிதாக வரைவது நேர்மையான வழி. மனித உடம்பிலிருந்து எடுத்த திசுவின் படமாயின், சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கேள்வி உண்டு. பிரிட்டன் விழா நடந்த அதே 1951-இல்தான் அமெரிக்காவில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்மணியின் புற்றுநோய் உயிரணுக்கள் அவருடைய சம்மதம் கேளாமலே எடுக்கப்பட்டு, ஆய்வுக்கூடங்கள்தோறும் வளர்க்கப்பட்டன. ஒருவருடைய நோயை இன்னொருவர் உடுத்தி மகிழ்வது எனக்கு உடன்பாடில்லை. தாவரமும் தாதுவும் கடலுயிரும் ஆயுள் முழுவதும் வரைந்தாலும் தீராமல் கிடக்கின்றன.

முதல் பயிற்சிக்கு எதை எடுக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது சென்னையில் பிறந்த ஒரு படத்தை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜன் என்ற புரதத்துக்கு முப்புரிச் சுருள் அமைப்பைக் கண்டு சொன்ன ஜி. என். ராமச்சந்திரன், 1963-இல் தம் சகாக்களோடு வெளியிட்ட வரைபடம் இன்று உலகமெங்கும் அவர் பெயராலேயே வழங்குகிறது. புரதச் சங்கிலியின் இரண்டு திருப்பக் கோணங்களில் எவை எவை ஒன்றாக இருக்க இயலும் என்று காட்டுகிற சதுரம் அது. இயலாத கோணங்கள் வெற்றிடமாகக் கிடக்க, இயலும் கோணங்கள் மட்டும் சில தீவுகளாக, கோட்டுக்குள் கோடாக நிற்கும். பெரிய தீவுகள் இடப்பாதியில், சின்னது ஒன்று வலப்பக்கத்தில். இதன் விசேஷம் என்னவென்றால், கோணம் 180 பாகை வந்ததும் அதுவே எதிர்ப்புறத்து 180 பாகையாகிறது. ஆகையால் படத்தின் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒன்றே, இட ஓரமும் வல ஓரமும் ஒன்றே. தாளில் மேலே அறுந்து நிற்கிற தீவின் மிச்சம் கீழே தலைகாட்டுவதைக் காணலாம். நான்கு பிரதிகளை ஒட்டி வைத்தால் தீவு முழுமையாகி, இணைப்புத் தெரியாமல் துணி நிறைகிறது. எதையும் வெட்டி ஒட்டாமல், எதையும் நிரப்பாமல், விஞ்ஞானமே ரிப்பீட் போட்டுக் கொடுத்த படம் இது. ஓய்வுக்கு வேண்டிய வெற்றிடமும் அதற்குள்ளேயே இருக்கிறது.

16 சென்டிமீட்டர்ச் சதுரமாக இதை இரண்டே வர்ணத்தில் வரைந்து, ஒரு மீட்டர் மாதிரி அச்சிட்டு, துவைத்து, நிழலில் உலர்த்திப் பாருங்கள். மனத்துக்குப் பிடித்திருந்தால், அந்த மாதிரியில் ஒரு முழம் வெட்டி, படம் எங்கிருந்து எடுத்தது, ரிப்பீட் அளவு என்ன, சாயம் என்ன விகிதம், ஸ்கிரீன் எண் என்ன என்று ஓரத்தில் அழியாத மையால் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். 1951-ஆம் வருஷத்துத் துணிகளும் சுவர்த்தாள்களும் பொருளின் பெயரும் ஓர் எண்ணுமாக, ‘இன்சுலின் 8.25’, ‘அஃப்வில்லைட் 8.45’ என்றே குறிக்கப்பட்டிருந்ததால்தான், எது எந்தப் படிகத்திலிருந்து வந்தது என்று இன்றும் சந்தேகமறச் சொல்ல முடிகிறது.